கண்ணாடியிழை: தீவகப் படகுகளும் உலகச் சந்தையும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுக் கரைகளில் கிடக்கும் சிறு மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை இன்று மரத்தால் ஆனவை அல்ல. எங்கள் ஆட்கள் 'பைபர் போட்' என்று சொல்லும் அவற்றின் உடல், கண்ணாடியிழையும் றெசினும் சேர்ந்து இறுகியது. தீவகத் தொழில்கள் பற்றி எழுதத் தொடங்கியபின் என்னிடம் பலர் கேட்ட கேள்வி: ஒரு வெடிப்பை ஒட்டுவதற்கான 'மற்' விலை ஏன் இப்படி ஏறுகிறது? அதற்கான பதில் யாழ்ப்பாணத்துக் கடைகளில் இல்லை.

எப்படி உருவாகிறது?

சிலிக்கா மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் களியையும் சுமார் 1,400 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி, பிளாட்டினக் கலவைத் தட்டின் நுண்துளைகளூடாக இழுத்தால் தலைமுடியிலும் மெல்லிய இழை வரும். அதைத் துண்டாக வெட்டிப் பரப்பினால் மற். நெய்தால் றோவிங் துணி. மணல் எங்களிடமும் உண்டு. வடமராட்சி கிழக்கின் அம்பன் மணல் கண்ணாடிக்கு உகந்தது. ஆனால் மூட்டிய உலையை ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் எரிக்க வேண்டும். மலிவான எரிபொருளும் பெருமுதலும் உள்ள இடத்தில்தான் இந்தத் தொழில் நிலைக்கிறது.

யார் விற்கிறார்கள்?

உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் சீனாவில் நடக்கிறது. அங்குள்ள மிகப்பெரிய நிறுவனமான சைனா ஜூஷிக்கு எகிப்திலும் ஆலை உண்டு. சந்தை விலையிலும் குறைத்து விற்கிறார்கள் என்று கூறி, சீன இழைக்கு இந்தியா மேலதிக வரி விதித்தது. 2020 இல் ஐரோப்பிய ஒன்றியம் சீனா, எகிப்து ஆகிய இரு நாடுகளின் கண்ணாடியிழைத் துணிகளுக்கும் அவ்வாறே செய்தது. சுங்கப் பட்டியலில் இந்தப் பொருளின் தலைப்பு எண் 7019.

நாங்கள் இதை டொலரில் வாங்குகிறோம். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. இழையின் விலை உலகில் அசையாமல் நின்றிருந்தாலும் தீவகத் தொழிலாளிக்கு அது ஏறியே இருக்கும். றெசின் பெற்றோலிய இரசாயனம் என்பதால் எண்ணெய் விலையும் அதில் சேர்கிறது.

காரைநகர் சீநோர்

1956 இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியிலும் நோர்வே மக்களின் உதவியிலும் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் சீநோர் தொடங்கியது. கண்ணாடியிழைப் படகுகள் அங்கேயே கட்டப்பட்டன. பின்னர் போர் வந்தது. 1990 இல் தீவகம் படையினர் வசமானபோது பெருந்தொகையான மக்கள் தொழிலை விட்டு இடம்பெயர்ந்தனர். சீநோர் என்ற பெயர் இன்று கொழும்பிலுள்ள அரச நிறுவனத்துக்குரியது.

தீவுகளில் காற்றாலை

காற்றாலை இறக்கைகளுக்கும் கண்ணாடியிழையே முதன்மையானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய, காற்று மின் திட்டத்தை 2021 ஜனவரியில் அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கியது. இந்தியா எதிர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தரப்பு திட்டத்தை இடைநிறுத்தியது. 2024 மார்ச்சில், 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையுடன், பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதில் காற்று மின் 530 கிலோவாற், சூரிய மின் 1,700 கிலோவாற். எங்கள் தீவுகளின் மின்சாரத்தை யார் கட்டுவது என்பதை இரண்டு வல்லரசுகளின் போட்டியே தீர்மானித்தது. தீவு மக்களின் கருத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை.

வாங்கும்போது

2004 சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன. எனவே இவற்றைக் கவனியுங்கள்:

• 'ஈ-கிளாஸ்' இழையா என்று கேளுங்கள். காரம் கூடிய மலிவு இழை நீரில் பலமிழக்கும்.
• சதுர மீற்றருக்கு 300 கிராமா, 450 கிராமா என்று பார்த்து வாங்குங்கள். விலையை மட்டும் ஒப்பிட்டால் மெல்லிய மற்தான் கையில் வரும்.
• ஈரம்பட்ட மற் றெசினைச் சரியாக உறிஞ்சாது. நீண்டகாலம் கிடந்த றெசின் சரியாக இறுகாது. உற்பத்தித் திகதியைப் பாருங்கள்.
• இறுக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.