லினக்ஸும் பொறிக் கட்டமைப்புகளும்: டெபியன் விநியோக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பணிசெயல் முறைமையொன்றின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அது எப்பொறிகளில் இயங்கிற்று, எப்பொறிகளை எக்காலத்திற் கைவிட்டது என்னும் வினாக்கள் தொழில்நுட்ப விவரங்களாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. ஆயின் லினக்ஸைப் பொறுத்தவரை, அதன் பின்னாலுள்ள சமூகத்தின் இயல்பை இவ்வினாக்களே தெளிவாகக் காட்டுகின்றன எனலாம்.

ஒவ்வொரு வகைச் செயலிக்கும் அது விளங்கிக்கொள்ளும் கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. இதனையும், நினைவகத்தில் எண்களை அடுக்கும் முறை, ஒரே தடவையிற் கையாளும் தரவின் நீளம் ஆகியவற்றையும் சேர்த்தே கட்டமைப்பு என்பர். இன்ரெல் செயலிகள் ஓர் எண்ணின் சிறு பகுதியை முன்வைத்து அடுக்க, மொட்டொரோலா 68000 வரிசைச் செயலிகள் பெரும் பகுதியை முன்வைத்தன. ஆகவே ஒரு கட்டமைப்புக்கென ஆக்கப்பட்ட செய்நிரல் வேறொன்றில் இயங்காது. மூலக் குறிமுறையை மீளத் தொகுத்தல் வேண்டும். பல வேளைகளில் திருத்துதலும் வேண்டும்.

1991 ஓகஸ்ட் மாதத்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தமது முயற்சியை முதன்முதலாக அறிவித்தபோது, அது இன்ரெல் 80386 செயலிக்கே உரியதென்றும் பிற பொறிகளுக்கு மாற்றத்தக்கதன்று என்றும் வெளிப்படையாகவே கூறியிருந்தார். 1992 ஜனவரியில் மினிக்ஸ் முறைமையின் ஆசிரியரான பேராசிரியர் அன்ட்ரூ தனன்பாம் லினக்ஸின் அமைப்பைக் கண்டித்தார். அது ஒரு செயலியோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தமையும் அவர் காட்டிய குறைகளுள் ஒன்றாகும்.

ஆயின் அப்பிணைப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. மொட்டொரோலாச் செயலி கொண்ட அமிகா, அற்றாரி ஆகிய கணினிகளுக்கு ஆர்வலர் சிலர் லினக்ஸைக் கொண்டு சென்றனர். 1994 இல் டிஜிட்டல் ஈக்குவிப்மென்ற் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஹோல், அந்நிறுவனத்தின் அல்பாச் செயலி கொண்ட பொறியொன்று டோர்வால்ட்ஸுக்குக் கிடைக்க வழிசெய்தார். 64 பிட் கட்டமைப்பாகிய அல்பாவுக்கு லினக்ஸை மாற்றும் முயற்சியில், பொதுப்பகுதியையும் பொறிசார்ந்த பகுதியையும் பிரித்தமைக்க வேண்டிய தேவை எழுந்தது. 1996 யூனில் வெளிவந்த 2.0 பதிப்பின்போது லினக்ஸ் பல கட்டமைப்புகளுக்குப் பொதுவானதொன்றாகிவிட்டது.

எனினும், கரு ஒரு பொறியில் இயங்குதல் வேறு; ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கொண்ட முழு விநியோகமொன்று அப்பொறியில் இயங்குதல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு, 1993 இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1998 யூலையில் வெளிவந்த டெபியன் 2.0 இன்ரெல், மொட்டொரோலா ஆகிய இரு கட்டமைப்புகளுக்கும் ஒருங்கே வெளியாயிற்று. 1999 இல் அல்பாவும் ஸ்பார்க்கும், 2000 இல் பவர்பீசியும் ஆர்மும் சேர்ந்தன. 2002 யூலையில் 3.0 பதிப்பு வெளிவந்தபோது கட்டமைப்புகளின் தொகை 11 ஆக உயர்ந்தது. ஐ.பி.எம். பெருங்கணினிகளும் அவற்றுள் அடங்கின.

இவ்வளர்ச்சி தன்னுடன் சுமையொன்றையும் கொணர்ந்தது. ஒரு மென்பொருள் வெளியீட்டுக்குரிய நிலையை அடைவதற்கு அது எல்லாக் கட்டமைப்புகளிலும் தொகுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது டெபியனின் விதி. ஆகவே மிக மெதுவான பொறியே யாவரது வேகத்தையும் நிர்ணயித்தது. 3.1 பதிப்பு வெளிவர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்துக்குக் காரணங்கள் பலவாயினும், கட்டமைப்புகளின் பெருக்கமும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது. 2005 மார்ச்சில், வன்கூவர் நகரிற் கூடிய பொறுப்பாளர்கள், அடுத்த வெளியீட்டை நான்கு கட்டமைப்புகளுக்குள் அடக்கும் திட்டமொன்றை முன்வைத்தனர்.

இத்திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இரு தரப்பினர் கூற்றிலும் உண்மை இருந்தது. சில நூறு பேரின் பழைய பொறிகளுக்காக ஏனையோர் அனைவரும் ஆண்டுக்கணக்காகக் காத்திருத்தல் தகுமா என ஒரு சாரார் வினவினர். எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான பணிசெயல் முறைமை என்பதே டெபியனின் தனித்தன்மை என்றும், அதனை இழந்தபின் எஞ்சுவது யாது என்றும் மறுசாரார் வினவினர். வேறுபட்ட பொறிகளில் தொகுக்கும்போது, இன்ரெல் பொறியில் மறைந்து கிடக்கும் பிழைகள் வெளிப்படுகின்றன என்பதும் அவர்தம் வலுவான வாதமாகும்.

ஈற்றில் அத்திட்டம் முன்மொழியப்பட்டவாறே நிறைவேறவில்லை. 2007 ஏப்ரலில் வெளிவந்த 4.0 பதிப்பிலும் 11 கட்டமைப்புகள் இருந்தன. ஆயின் அவற்றுள் மொட்டொரோலா இடம்பெறவில்லை. புதிய பொறிகள் கிடைக்கின்றனவா, தொகுக்கும் பொறிகள் வேகத்துக்கு ஈடுகொடுக்கின்றனவா, பொறுப்பேற்க ஆட்கள் உளரா என்னும் அளவைகள் முன்னிலை பெற்றன. அதன்பின் 2011 இல் அல்பாவும், 2015 இல் ஸ்பார்க்கும், 2017 இல் பவர்பீசியின் 32 பிட் வடிவமும் உத்தியோகபூர்வப் பட்டியலினின்று நீங்கின. நீங்கியவற்றுட் சில முற்றாக அழிந்துவிடவில்லை. மொட்டொரோலாக் கட்டமைப்பை ஆர்வலர் சிலர் உத்தியோகபூர்வ வெளியீட்டுக்குப் புறம்பே தொடர்ந்து பேணினர்.

இவ்வரலாற்றின் இறுதித் திருப்பம் கருதத்தக்கது. லினக்ஸ் எச்செயலிக்காகப் பிறந்ததோ, அந்த 80386 செயலிக்கான ஆதரவு 2013 பெப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பில் கருவினின்றே அகற்றப்பட்டது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, இன்ரெல் 32 பிட் கட்டமைப்புக்குக் கருவையோ நிறுவும் செய்நிரலையோ வழங்கவில்லை. பழைய மென்பொருள்களை 64 பிட் பொறிகளில் இயக்குவதற்கு மட்டுமே அக்கட்டமைப்பு எஞ்சிற்று. அதே பதிப்பில், எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஐந்து என்னும் புதிய கட்டமைப்பு முதன்முறையாக உத்தியோகபூர்வ இடம் பெற்றது.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஒரு கட்டமைப்புக்கான ஆதரவு என்பது ஒரு தடவை எழுதி முடிக்கப்படும் குறிமுறையன்று. ஒவ்வொரு மென்பொருளும் மாறுந்தோறும் மீளத் தொகுத்து, பிழை கண்டவிடத்துத் திருத்தித் தருவதற்கு மனிதர் ஏற்கும் பொறுப்பே அதுவாகும். மூலக் குறிமுறை யாவர்க்கும் திறந்திருத்தல் பழைய பொறியொன்றைக் காப்பதற்கான உரிமையை அளிக்கின்றது; காத்தற்கு வேண்டிய உழைப்பை அது தானாகவே அளிப்பதில்லை. உழைக்க முன்வருவோர் உள்ளவரை, சந்தை கைவிட்ட பொறியும் வாழ்கின்றது. அவர் அருகும்போது, லினக்ஸ் பிறந்த பொறிக்கும் விலக்கு இல்லை.