கிணற்றடியில் வளர்ந்த பழுதறிவு

மின்சார அவன் ஒன்று சூடேறாமல் நின்றால், மேட்டுப்பாளையம் வட்டார மெக்கானிக் குறையைத் தேடும் முறைக்குப் பின்னால் கிணற்றடியின் வரலாறு இருக்கிறது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், மலைத் தண்ணீரில் பிறந்த கரண்ட் கோவைச் சமவெளிக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்குப் படிப்படியாகப் பம்ப்செட் வந்தது. இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரை 1937-ல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கினர். மோட்டார் எரிந்தால் பயிர் வாடும். உடனே புதிது வாங்க எல்லோராலும் முடியாது. அந்த நெருக்கடிதான் காயில் கட்டும் பட்டறைகளை ஊருக்கு ஊர் வளர்த்தது.

மோட்டாருக்கும் மின்சார அவனுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். எரிந்த காயிலைப் பிரித்துக் கட்டலாம். அவனின் எலிமென்ட்டில் நிக்ரோம் கம்பி, உலோகக் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூளில் புதைந்திருக்கும், அறுந்தால் மாற்றத்தான் வேண்டும். கேள்வி நியாயமானதே. ஆனால் பட்டறை கற்றுத்தந்தது கட்டும் வேலையை மட்டுமல்ல, கரண்ட் போகும் வழியை வரிசையாகப் பின்தொடரும் பழக்கத்தையும்தான். விளக்கு எரிந்தும் அவன் சூடேறவில்லையா? சப்ளை உள்ளே வருகிறது என்று அறியலாம். இணைப்பை முழுவதுமாகத் துண்டித்துவிட்டு எலிமென்ட்டின் ஒயரைக் கழற்றி அளந்தால், 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அளவு சரியென்றால் தெர்மோஸ்டாட், கட்-அவுட், செலக்டர் சுவிட்ச் என்று அடுத்தடுத்துத் தேட வேண்டும். பேக்கரிகளின் த்ரீ பேஸ் அவனில் இன்னொரு படியும் உண்டு. ஒரு பேஸ் போனால் மோட்டார் உறுமிக்கொண்டே எரிந்துபோவதைக் கண்ட கைக்கு, சில எலிமென்ட் மட்டும் குளிர்ந்து கிடந்தால் முதலில் பேஸைப் பார்க்கத் தோன்றும்.

இன்றைய அவன்களில் எலெக்ட்ரானிக் போர்டு வந்துவிட்டது, பழைய அறிவு உதவாது என்பார்கள். போர்டு அனுப்பும் கரண்ட்டும் ஏதோ ஒரு ரிலே வழியாக, ஒரு ஒயர் வழியாகத்தான் எலிமென்ட்டுக்குப் போயாக வேண்டும். போர்டையே மாற்றச் சொல்வதற்கு முன் அந்த வழியைச் சோதிப்பவர், வாடிக்கையாளரின் பணத்தையும் நல்ல பாகங்களையும் காக்கிறார். ஆகவே இந்தப் பட்டறை முறையைப் பழங்கதையாக ஒதுக்காமல், தொழிற்பயிற்சி வகுப்புகளில் பாடமாகவே வைக்க வேண்டும்.