படம் சொன்னதும் படம் சொல்லாததும்

மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் களிமண் பூசிக் கட்டிய ஒரு குடிசை. சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. பலகைக் கதவு மட்டுமே உண்டு. அச்சன்னலின் உள்ளே நின்று ஒரு கறுப்பினச் சிறுமி வெளியே பார்க்கிறாள். திறந்து கிடக்கும் பலகைக் கதவின் உட்புறத்தில், குளிர் புகாதிருக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டியிருக்கிறார்கள். அத்தாளிலுள்ள விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிறுமியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் 1937-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நிழற்படம் இது. எடுத்தவர் ஆர்தர் ராத்ஸ்டீன். அப்போது அவருக்கு வயது 21. படத்தின் கீழ் எழுதப்பட்ட குறிப்பு, இவள் ஜீஸ் பெண்டில் உள்ள ஒரு சிறுமி என்ற அளவோடு நின்றுவிட்டது. அவள் பெயர் எழுதப்படவில்லை.

மன்னர்களின் வாழ்வுக்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு, புகழ் பாடிய புலவர்களும் உண்டு. ஏர் உழுதவனும், நீர் சுமந்தவளும், கந்தல் தைத்தவளும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று எங்கே? இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே நிழற்படக் கருவி என்று நாம் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், படத்தை மட்டும் நம்பி எழுதும் வரலாறு எங்கே நிறைவு பெறும், எங்கே குறைபடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு ஜீஸ் பெண்டின் கதை நல்லதோர் உரைகல்.

ஆறு சூழ்ந்த ஊர்

அலபாமா ஆறு பெரியதொரு வளைவாக வளைந்து ஓடும் இடத்தில், மூன்று புறமும் நீர் சூழ அமைந்தது அவ்வூர். 1816-இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். அவர் பெயரும் ஆற்றின் வளைவும் சேர்ந்தே ஊர்ப்பெயர் ஆயின. 1845-இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் ஏறத்தாழ 100 அடிமைகளை வட கரோலினாவிலிருந்து அங்கே கொண்டுவந்தார். எசமானின் குடும்பம் வண்டியில் வந்தது. அடிமைகள் பல நூறு மைல் நடந்தே வந்தார்கள்.

1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும், விடுதலை பெற்றவர்களிடம் நிலம் இல்லை, காளை இல்லை, கலப்பை இல்லை. எனவே உழைத்த மண்ணிலேயே குத்தகை உழவர்களாகத் தங்கிவிட்டார்கள். எசமானின் குடும்பப் பெயராகிய பெட்வே என்பதே அவர்களுள் பெரும்பாலோரின் குடும்பப் பெயராக நிலைத்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் பெட்வே என்று சொல்லும் அளவுக்கு அப்பெயர் பரவியது. ஒரு பெயருக்குள் ஒரு நூற்றாண்டின் துயரம் அடங்கிக் கிடப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

படக்கருவி வருவதற்கு முன்

பருத்தி உழவனுக்கு விதை முதல் வீட்டுச் சாமான் வரை எல்லாம் கடன். விதைக்கும்போது வணிகரிடம் கடன் வாங்குவான். அறுவடையானதும் பருத்தியைக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பான். கணக்கு எந்த ஆண்டிலும் முழுமையாகத் தீர்ந்ததில்லை. 1929-க்கும் 1932-க்கும் இடையே பருத்தி விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. கேம்டன் நகரத்து வணிகர் ஒருவர் ஜீஸ் பெண்ட் உழவர்களுக்குத் தொடர்ந்து கடன் கொடுத்து வந்தார். 1932-இல் அவர் இறந்துபோனார். அவர் குடும்பத்தார் நிலுவை முழுவதையும் உடனே வசூலிக்க முற்பட்டனர்.

அந்த ஆண்டின் இறுதியில் ஊருக்குள் ஆட்கள் வந்தார்கள். கோவேறு கழுதைகளையும் பசுக்களையும் பன்றிகளையும் கோழிகளையும் பிடித்துச் சென்றார்கள். கலப்பைகளையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்றார்கள். குளிர்காலத்துக்கென்று சேமித்து வைத்த மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்கூட மிஞ்சவில்லை. ஏறத்தாழ 60 குடும்பங்கள் வெறுங்கையோடு குளிர்காலத்தை எதிர்கொண்டன. காட்டில் பறித்த பழங்களும், ஆற்றில் பிடித்த மீனும், வேட்டையில் கிடைத்த அணிலுமே உணவாயின. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவும் இறைச்சியும் பல உயிர்களைக் காத்தன.

இந்தக் கொடுமைக்குப் படம் இல்லை. வண்டிகள் பொருள்களை ஏற்றிக்கொண்டு போன அந்த நாளில் அங்கே படக்கருவி இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து வந்த ராத்ஸ்டீனின் படங்களில் நாம் காண்பது வெறுமையான முற்றம். சேறு படிந்த பாதை. மண்ணும் குச்சியும் கொண்டு கட்டிய புகைபோக்கி. விவரம் அறியாதவர் இப்படங்களைப் பார்த்தால், "இவர்கள் சோம்பேறிகளோ? பழைய காலத்திலேயே நின்றுவிட்டவர்களோ?" என்று எண்ணக்கூடும். அவர்கள் மிகவும் பழைமையான முறையில் வாழ்கிறார்கள் என்றே அந்நாளைய படக்குறிப்புகளும் எழுதின. முற்றம் வெறுமையானது அங்கிருந்தவை பறிக்கப்பட்டதால் என்பதைப் படத்தால் சொல்ல முடியாது. விளைவைப் படம் காட்டும். காரணத்தை எழுத்தும் நினைவுமே சொல்லும்.

எடுத்தவர் நோக்கம்

இப்படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன? பொருளாதாரப் பெருவீழ்ச்சியால் நலிந்த உழவர்களுக்கு உதவ, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935-இல் மீள்குடியேற்ற நிர்வாகம் என்னும் துறையை அமைத்தது. 1937-இல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் எனப் பெயர் மாறியது. அதில் படப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ராய் ஸ்ட்ரைக்கர். நாட்டுப்புறத்தின் துன்பத்தை நகரத்தார் கண்ணால் கண்டால்தான் உதவித் திட்டங்களுக்கு ஆதரவு பெருகும் என்பது அவர் கணிப்பு. டொரதியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ரஸ்ஸல் லீ, கார்டன் பார்க்ஸ் முதலிய பெருங்கலைஞர்கள் அவருக்குக் கீழ்ப் பணியாற்றினர். அவர் முதலில் பணியில் சேர்த்துக்கொண்ட நிழற்படக் கலைஞர் ராத்ஸ்டீனே. அத்துறையும், அதைத் தொடர்ந்து வந்த போர்க்காலச் செய்தி அலுவலகமும் எடுத்த படங்களில் ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் இன்று வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எளிய மக்களின் உழைப்பைப் பதிவு செய்த இத்தகைய பெருந்தொகுப்பு உலகில் அரிது.

ஆயினும், நோக்கத்தோடு எடுத்த படத்தை நோக்கமறிந்தே படிக்க வேண்டும். 1936-இல் தெற்கு டக்கோட்டாவில் வறட்சியைக் காட்ட வெளுத்துப்போன ஒரு மாட்டு மண்டையோட்டை ராத்ஸ்டீன் படமெடுத்தார். நல்ல ஒளி வேண்டி அதைச் சிறிது தூரம் நகர்த்தியும் வைத்தார். செய்தி வெளியானதும், அரசு பொய்ப் படம் காட்டுகிறது என்று எதிர்க்கட்சியினர் கூச்சலிட்டனர். வறட்சி பொய்யன்று, மாடுகள் மடிந்ததும் பொய்யன்று. ஆனாலும், ஒரு மண்டையோட்டை நகர்த்திய செயல் உண்மையான துன்பத்தையே ஐயத்துக்குள்ளாக்கிவிட்டது. ஸ்ட்ரைக்கரோ, தமக்கு வேண்டாதவை என்று கருதிய நெகடிவ்களில் துளையிட்டுக் கெடுத்துவிடும் வழக்கமுடையவராக இருந்தார். முகத்தின் நடுவிலும் வயலின் நடுவிலும் கரிய வட்டங்களோடு அந்த நெகடிவ்கள் இன்றும் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதில் ஒரு தேர்வு; எதைக் காப்பது என்பதில் மற்றொரு தேர்வு. இவ்விரண்டையும் தாண்டியே ஒரு படம் நம் கைக்கு வந்து சேர்கிறது.

இரண்டாம் வருகை

அரசு ஜீஸ் பெண்டில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்தை வாங்கி, பண்ணைகளாகப் பிரித்து, அங்கிருந்த குடும்பங்களுக்கே கொடுத்தது. புதிய மரவீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடமும் கடையும் மருத்துவ நிலையமும் பருத்திக் கொட்டை நீக்கும் ஆலையும் அமைந்தன. 1940-களில் குறைந்த வட்டிக் கடனில் உழவர்கள் அந்நிலத்தைச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டார்கள். அடிமையாக நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணுக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். தென்மாநிலங்களில் கறுப்பின உழவர்கள் நிலத்தை இழந்து நகரங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இவ்வூரார் நிலைத்து நின்றதற்கு இந்த உரிமையே அடிப்படை.

1939-இல் மரியன் போஸ்ட் வால்காட் என்னும் பெண் கலைஞர் இம்மாற்றங்களைப் படமெடுக்க வந்தார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றில் தாயும் மகளும் அமர்ந்து, வெளுத்த மாவுச் சாக்குத் துணியால் நாற்காலிக்கு உறை தைக்கிறார்கள், தாளால் பூச்செய்கிறார்கள். அந்த நாற்காலிகளையும் வீட்டிலுள்ள ஏறத்தாழ எல்லா மரச்சாமான்களையும் செய்தவள் அத்தாயே என்று படக்குறிப்பு தெரிவிக்கிறது. அவள் பெயரையும் அது தெரிவிக்கிறது.

இரண்டு படக்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் பெயரற்ற ஒரு சிறுமி. பார்ப்பவருக்கு இரக்கம் பிறக்கிறது. பின்னதில் பெயரும் கைத்தொழிலும் உடைய ஒரு தாய்; பார்ப்பவருக்கு மதிப்புப் பிறக்கிறது. வால்காட்டின் படங்களும் ஒரு நோக்கத்துக்காக, அரசுத் திட்டம் வென்றது என்று காட்டுவதற்காக எடுக்கப்பட்டவைதாம். எனினும், இரண்டு வரி அதிகமாக எழுதியதனால் ஒரு மனுஷி வரலாற்றில் தன் பெயரோடு நிற்கிறாள்.

சுவரில் தொங்கியவை

ராத்ஸ்டீன் எடுத்த படங்களில் மற்றொன்றும் இருந்தது. அவர் காட்ட விரும்பிய வறுமைக்குள்ளேயே அது இருந்தது. ஊர்ப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளே அவை. உழைத்துக் கிழிந்த காற்சட்டை, வெளுத்த சட்டை, மாவுச் சாக்கு ஆகியவற்றை வெட்டி இணைத்து, குளிருக்குப் போர்த்தவும், காற்று புகும் சுவர்களை மறைக்கவும் அவர்கள் போர்வைகள் தைத்தார்கள். தாய் தைப்பதைப் பார்த்து மகள் கற்றாள்; மகளைப் பார்த்துப் பேத்தி கற்றாள். ஏழைகள் குளிரை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாகவே அன்று அவை படத்தில் இடம்பெற்றன.

காலம் ஓடியது. 1962-இல், ஊர் மக்கள் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கக் கேம்டன் நகருக்குச் செல்லத் தொடங்கியபோது, ஆற்றின் குறுக்கே நடந்துவந்த படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் கடக்கக்கூடிய தூரத்துக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றிப் போக நேர்ந்தது. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து மக்களுக்கு ஊக்கமூட்டினார். அவ்வாண்டிலேயே வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1966-இல் அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை விற்கத் தொடங்கினர். நின்றுபோன படகு மீண்டும் ஓட 2006 வரை, அதாவது 44 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

2002-ஆம் ஆண்டில் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. வண்ணங்களை இணைத்த துணிவையும் வடிவங்களின் அழகையும் கண்டு கலை உலகம் வியந்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளை அஞ்சல் தலைகளில் அச்சிட்டது. அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு போர்வையின் அருகிலும் அதைத் தைத்தவரின் பெயர் இருந்தது என்பதே நம் கருத்தில் பதிய வேண்டிய செய்தி.

65 ஆண்டுகளுக்கு முன்பே அக்கலை படக்கருவியின் முன் விரிந்து கிடந்தது. கருவி அதைப் பார்த்தது. படலத்தில் பதித்தும் வைத்தது. பார்த்த மனிதர்களுக்குத்தாம் அது கலை என்று தோன்றவில்லை. வறுமையைத் தேடி வந்த கண்ணுக்கு வறுமை மட்டுமே தெரிந்தது. எடுத்தவர் எண்ணியதைவிட அதிகமான உண்மையைப் படம் காத்து வைக்கிறது; இதுவே அதன் பெருமை. பெயரையும் காரணத்தையும் அதனால் காத்து வைக்க முடியவில்லை. இது அதன் எல்லை.

நம் வீடுகளிலும் பழைய படங்கள் பேழைக்குள் கிடக்கின்றன. வயலில் குனிந்து நிற்கும் ஒருவர், தறியின் முன் அமர்ந்த ஒருவர், கடை வாசலில் கைகட்டி நிற்கும் ஒருவர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறம் ஒரு பெயரும் ஓர் ஊரும் ஓர் ஆண்டும் செய்த தொழிலும் எழுதி வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சன்னலில் நின்ற அந்தச் சிறுமி வளர்ந்து பெரியவளானாள். அவள் பெயரும் பின்னாளில் தெரியவந்து பதிவாயிற்று. ஆனால் அவள் முகத்தை உலகம் அறிந்து வெகுகாலம் ஆன பிறகே, அவள் பெயரை உலகம் கேட்டது.