துண்டும் தோட்டக் கடனும்



இலங்கையின் மலைநாட்டிற்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வரலாற்றைப் பேசுவோர், அவர்களை ஊரைவிட்டு எழுப்பிய பஞ்சத்தையும் கங்காணியின் ஆசை வார்த்தைகளையுமே பெரிதும் பேசுவர். அவர்களைக் கொண்டுவர ஆன செலவு யார் தலையில் விழுந்தது என்று கேட்போர் குறைவு. விடை, ‘துண்டு’ என வழங்கிய ஒரு சிறு சீட்டிலே இருக்கின்றது.

கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை தழைத்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும்.

துரையிடம் முற்பணம் பெற்றுக் கங்காணி தம் ஊருக்குச் செல்வார். ஊர்க்கடன் தீர்க்கவும், வழிச்செலவுக்கும், அரிசிக்கும் அவர் கொடுத்தவையெல்லாம் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறும். கொடுத்ததற்கு மேலே எழுதிக்கொண்ட கங்காணிகளும் உண்டு. தன்னை இறக்குமதி செய்த செலவைத் தொழிலாளி தானே சுமந்தான். மலிந்த கூலி என்று சொல்லப்பட்டதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், ‘இன்ன தொகை செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன்’ என்று துரை எழுதித் தரவேண்டும். அதுதான் துண்டு. கங்காணி அதனை ஏந்தித் தோட்டந் தோட்டமாகச் சென்று, பழைய கடனுக்கு மேலே அதிகம் தருபவரிடம் ஆட்களைச் சேர்ப்பார். மிகுதி அவர் மடியில் விழும்; கடன் தொழிலாளியின் கணக்கில் ஏறும். சொல்லாமற் புறப்பட்டால், 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம்!

சீர்திருத்தம் இரக்கத்தினால் மட்டும் வந்ததன்று. ஆளுக்காகத் துரைமார் தம்முள்ளே போட்டியிட்டதனால் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போய், அவர்களுக்கே தாங்காச் சுமையாயிற்று. கூலிகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்கு இந்தியாவிலும் எதிர்ப்பு வலுத்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டோடியவனுக்கு இருந்த சிறைத்தண்டனையும் அக்காலத்திலேயே நீங்கிற்று. மறு ஆண்டில் இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. தொழிலாளரை அனுப்புவதற்கு அது நிபந்தனைகள் விதித்தது.

1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1929 முதல் உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்தோரிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அடுத்த சில ஆண்டுகளிலே உலகச் சந்தையில் தேயிலை விலை வீழ்ந்தது. அந்த 54 சதமும் குறைக்கப்பட்டது.