காப்பாளரை ஆராய்தல்: இந்தியக் குழந்தைக் காப்பகச் சட்டங்கள் காட்டும் வரலாறு

ஒருவரை ஆராய்ந்தறிந்த பின்னரே வினைக்கு அமர்த்த வேண்டும் என்பதைத் திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரம் வலியுறுத்துகிறது. அங்கு ஆராயப்படுவோர் அரசுவினைக்கு உரியோர். ஆதரவற்ற குழந்தைகளைப் பேணுவோரையும் அவ்வாறே ஆராய வேண்டும் என்னும் கருத்து விடுதலை பெற்ற இந்தியாவின் சட்டங்களில் வளர்ந்த முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1956ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் நிறுவனங்கள் உரிமச் சட்டமும் 1960ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள், அறக்கொடை இல்லங்கள் மேற்பார்வைச் சட்டமும் இவ்வரலாற்றின் தொடக்க நிலையைக் காட்டுவன. முன்னது உரிமத்தையும் பின்னது அங்கீகாரச் சான்றிதழையும் நிறுவனத்திற்கு வழங்கின. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காப்பகங்கள் அனைத்தும் பதிவு பெறுதலைக் கட்டாயமாக்கியது. பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, 1 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. ஆய்வுக்குழுவினர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் காப்பகங்களைப் பார்வையிட வேண்டும் என்றும் வரையறுத்தது.

எனினும், 2018ஆம் ஆண்டு பீகார் மாநிலம் முசாபர்பூரில் வெளிப்பட்ட கொடுமை இவ்வேற்பாடுகளின் எல்லையை உணர்த்தியது. அரசு நிதியுதவி பெற்று நடந்த காப்பகமொன்றில் சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். மாநில அரசின் வேண்டுகோளின்படி டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் காப்பகங்களில் மேற்கொண்ட ஆய்வே இதனை வெளிக்கொணர்ந்தது. 2020ஆம் ஆண்டு சனவரியில் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் காப்பகத்தை நடத்தியவர் மட்டுமன்றி, குழந்தைகள் நலக்குழுவைச் சார்ந்தோரும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரும் இருந்தமை நோக்கத்தக்கது. காப்பாளரைக் கண்காணிக்க வேண்டியவர்களே குற்றத்தில் பங்குகொண்டிருந்தனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த போக்சோ விதிகள் ஆய்வின் இலக்கைத் தனிமனிதர்பால் வெளிப்படையாகத் திருப்பின. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் முதலிய இடங்களில் குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும், அவர் ஒப்பந்தப் பணியாளரேயாயினும், காலமுறைதோறும் காவல்துறைச் சரிபார்ப்புக்கும் முன்வரலாற்று ஆய்வுக்கும் உட்படுத்த வேண்டும் என்பது விதி. நிறுவனத்திலிருந்து மனிதருக்கு நகர்ந்த இம்மாற்றம் இன்றியமையாதது, ஆயினும் முழுமையானதன்று. காவல்துறைச் சான்று பதிவான குற்றத்தை மட்டுமே அறிவிக்கும். அஞ்சி வாய்திறவாத குழந்தையின் துன்பம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முசாபர்பூரில் உண்மை வெளிவந்தது சிறுமியரிடம் பேசிக் கேட்டதனாலேயாம். எனவே, காப்பாளரின் முன்வரலாற்றை ஆராய்தலும் காக்கப்படுவோரின் சொல்லுக்குச் செவிசாய்த்தலும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.