லைடனும் ஹார்லெமும்: ஒரு கண்ணாடி வீட்டின் வரைபடம்

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், நமது தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆனது. நயினாதீவு ஹார்லெம் ஆனது. இப்பெயர்களைப் பாடசாலையில் மனனம் செய்தோம். இலங்கையிலிருந்து அந்த நாட்டுக்கு என்ன போயிற்று என்பதை மருத்துவ வரலாறு படித்தபோதுதான் அறிந்தேன்.

போனவற்றுள் செடிகளும் இருந்தன. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பவுல் ஹெர்மன், இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்தார். பின்னர் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அங்குள்ள தாவரத் தோட்டத்தையும் பொறுப்பேற்றார். வெப்பநாட்டுச் செடிகள் அந்தக் குளிரைத் தாங்கமாட்டா. அவற்றுக்காக வெயில் படும் பக்கம் கண்ணாடி பதித்து, அடுப்பால் சூடேற்றிய வீடுகளைக் கட்டினர். செல்வந்தரின் நாட்டுப்புற மாளிகைகளிலும் இவை பெருகின.

ஹார்லெம் நகருக்கு அருகே, வங்கியாளர் ஜோர்ஜ் கிளிஃபர்டின் ஹார்ட்டகாம்ப் மாளிகையில் இத்தகைய வீடுகள் நான்கு இருந்தன. அவற்றுள் ஒன்று ஆசியச் செடிகளுக்கானது. 1735இல் அங்கு மருத்துவராகவும் தோட்டப் பொறுப்பாளராகவும் சேர்ந்தவர் கார்ல் லினேயஸ். அடுத்த ஆண்டு அங்கே வாழை பூத்தது. நெதர்லாந்தில் அதுவே முதல் தடவை. செய்த உபாயம் எளியது. வளமான மண்ணில் நட்டு, சில வாரங்கள் நீரின்றிக் காயவிட்டு, பிறகு மாரிமழை போலத் தாராளமாக நீர் வார்த்தார்கள். அதாவது, வாழைக்கு அதன் ஊர்க் காலநிலையையே கொடுத்தார்கள். லினேயஸ் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

1738இல் வெளிவந்த அத்தோட்டத்தின் பெருநூலுக்கு முகப்புப் படம் வரைந்தவர் யான் வாண்டெலார். அதில் வாழை நிற்கிறது. குழந்தையொன்று வெப்பமானியை ஏந்துகிறது. நடுவில் அமர்ந்த பூமித்தாயிடம் திறப்புகளும் தோட்டத்தின் வரைபடமும் உள்ளன. ஹெர்மனின் தாள்களைக் கொண்டு லினேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலையும் எழுதினார். அத்தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன.

அந்நிய மண்ணில் ஒரு வாழை வாழ்ந்த இடத்துக்கு வரைபடம் இருக்கிறது. நம் அம்மம்மாவின் நாற்சார் வீட்டுக்கு இருக்கிறதா? 1990, 91 இடப்பெயர்வின்போது தீவகத்தில் விட்டுவந்த வீடுகள் பல கூரையிழந்தன. சிலவற்றின் சுவருக்குள் ஆலும் அரசும் முளைத்துவிட்டன. எந்தப் பக்கம் குசினி, எங்கே நெல் வைத்தார்கள், கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் எவ்வழி ஓடியது என்பனவெல்லாம் சில முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

மருத்துவராக ஒன்று சொல்வேன். நேற்றுச் சாப்பிட்டதை மறந்த முதியவர்களும் பிறந்த வீட்டின் படலையை விவரிப்பார்கள். ஆனால் அந்த நினைவும் என்றென்றும் நிலைப்பதில்லை.

ஆகவே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும், யன்னலோரச் சாடியில் கறிவேப்பிலை வளர்க்கும் சகோதரிகளே, அம்மாவின் அருகில் ஒரு தாளுடன் அமருங்கள். அவர் சொல்லச் சொல்ல வீட்டை வரையுங்கள். அளவு பிசகினாலும் பரவாயில்லை. வடக்கு எதுவென்று குறித்து, திகதியிட்டு, சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.