பெயர் மாறிய பயறு

இத்தாலியில், முக்கியமாக டஸ்கனிப் பிரதேசத்தில், சாப்பாட்டுக்கு முன்னால் சுட்ட ரொட்டித் துண்டுகளும், அவற்றின்மேல் தடவிக்கொள்ள ஒரு கிண்ணம் வெண்ணிற மசியலும் கொண்டுவந்து வைப்பது உண்டு. வெண்ணெய்போன்ற வழவழப்பு, மேலே பச்சை ஓடிய ஆலிவ் எண்ணெய், லேசான பூண்டு மணம். பாலேடு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிறவர் ஏமாந்துபோவார். பாலின் வாசனைகூட அதில் கிடையாது. கன்னெல்லினி என்கிற வெள்ளை பீன்ஸ் விதையை ஊறப்போட்டு, வேகவைத்து, மசித்தது, அவ்வளவுதான். நம் வீட்டில் கீரை கடைகிற மத்து இருந்தால் போதும், இதைச் செய்துவிடலாம்.

செய்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பசித்தவரிடம் சரித்திரம் பேசுவது நியாயமல்ல.

உலர்ந்த வெள்ளை பீன்ஸ் விதை 200 கிராம் எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு இரவெல்லாம் ஊறவைக்க வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு, இரண்டு பல் பூண்டு போட்டு அடுப்பில் ஏற்றவேண்டும். டஸ்கனிக்காரர்கள் சேஜ் என்னும் இலை ஒன்றையும் போடுவார்கள்; இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கொதி வந்தபிறகு பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவேண்டும். பிறகு தணலைக் குறைத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்தால் வெண்ணெயாய் நசுங்குகிற வரையில் வேகவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம், ஒன்றரை மணியும் ஆகலாம். விதை பழசாக இருந்தாலோ, கிணற்றுத் தண்ணீர் கடுத்திருந்தாலோ இன்னும் தாமதமாகும். 'அந்தப் பருப்பு இங்கே வேகாது' என்று நாம் சொல்கிறோமே, அது வெறும் வசனமல்ல. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் பயற்றின் தோல் இறுகிவிடுகிறது என்று ரசாயனமும் ஒப்புக்கொள்கிறது.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. வழவழப்பே அதில்தான் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் மசித்து, பொறுமையுள்ளவர்கள் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கடைந்து, உப்பும் நாலு கரண்டி ஆலிவ் எண்ணெயும் சில சொட்டு எலுமிச்சம் பழச் சாறும் சேர்த்தால் முடிந்தது காரியம்.

அந்தப் பத்து நிமிஷக் கொதியை மட்டும் யாரும் அலட்சியம் செய்யவேண்டாம். பச்சை பீன்ஸ் விதையில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. அரைவேக்காட்டில் தின்றால் சில மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுத்துவிடும். சிவப்பு ராஜ்மாவில் அது மிக அதிகம், வெள்ளையில் குறைவு, ஆனாலும் உண்டு. கொதிநிலைக்குப் போகாமல் இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் கிடந்தால் அந்த விஷம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறதாம். இந்தச் சமாசாரத்தை விஞ்ஞானிகள் எழுதிவைத்தது சமீப காலத்தில். தங்கள் வயிற்றையே பணயம் வைத்து இதை முதலில் கற்றுக்கொண்ட ஜனங்கள் எட்டாயிரம் வருஷங்களுக்கு முற்பட்டவர்கள். அவர்கள் யார் என்பது முந்நூறு வருஷகாலம் ஐரோப்பாவில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அதற்குக் காரணம், ஒரு பெயர்.

பயற்றை வேகவைத்து மசித்துத் தின்பது மத்தியதரைக் கடலைச் சுற்றிலும் மிகப் பழைய வழக்கம். ஆனால் அவர்கள் மசித்தது வேறு பயறு: தட்டையாக, அகலமாக இருக்கும் ஃபாவா. எகிப்தில் இன்றைக்கும் பிஸாரா என்று அதைப் பச்சிலைகளோடு கடைகிறார்கள். சிஸிலித் தீவில் அதுவே மாக்கு. ரோமாபுரிக்காரர்கள் அதைக் கூழாகக் காய்ச்சிக் குடித்ததோடு நில்லாமல், ஜூன் மாதம் முதல் தேதியில் கார்னா என்ற தேவதைக்கு நைவேத்தியமும் செய்தார்கள். பெரிய குடும்பங்களின் பெயர்களே பயற்றிலிருந்து வந்தவை. ஃபாபியஸ் என்றால் ஃபாவாக்காரர். லெண்டுலஸ் என்றால் மசூர்ப் பருப்பு. பிரசங்க சிகாமணியான ஸிஸரோவின் பெயருக்கு அர்த்தம் கொண்டைக்கடலை! நம்மில் யாராவது மந்திரிக்குக் கொண்டைக்கடலை என்று பெயர் வைத்திருக்கிறோமா?

செத்துப்போனவர்களுக்கும் ஃபாவாவுக்கும் சம்பந்தம் இருந்தது. மே மாதத்தில் மூன்று இரவுகள், லெமூரியா என்று பெயர். அந்த இரவுகளில் வீட்டு எஜமானர் நடுநிசியில் வெறுங்காலோடு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, கறுப்புப் பயறுகளைத் திரும்பிப் பாராமல் பின்புறம் எறிவார். 'இவற்றைக் கொடுத்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்டுக்கொள்கிறேன்' என்று ஒன்பது தடவை சொல்லவேண்டும். பின்னால் ஆவிகள் வந்து பொறுக்கிக்கொள்ளும் என்பது ஐதிகம். கிரேக்க ஞானியான பைதாகரஸோ தம் சீடர்கள் ஃபாவாவைத் தொடவே கூடாது என்று விதித்துவிட்டாராம். ஏன் என்பதற்கு எத்தனையோ வியாக்கியானங்கள். அதில் ஒன்று வைத்திய சம்பந்தமானது. சிலருடைய ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கிறது. அவர்கள் ஃபாவாவைத் தின்றால் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். மத்தியதரைக் கடற்கரையில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். குறையின் மூலம் தெரிந்தது 1950-களில்தான். பைதாகரஸ் இதைத்தான் கண்டார் என்று சாதிக்க நான் தயாராக இல்லை. ஞானிகள் கட்டளையிட்டுவிட்டுக் காரணத்தை விழுங்கிவிடுவது எல்லா தேசத்திலும் உள்ளதுதானே!

ஃபாவாவைத் தவிர இன்னொரு பயறும் ரோமாபுரியில் இருந்தது. பயறுகளுக்குள் ஏழை, மலிவுச் சரக்கு. வெள்ளை உடம்பு, நடுவில் கறுப்புக் கண். நம்முடைய காராமணிதான் அது என்பது அறிஞர்களின் அபிப்பிராயம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்கு ஃபஸேயோலஸ் என்று பெயர். இந்தப் பெயரை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் ஆள்மாறாட்டம் நடப்பது இதனால்தான்.

1492-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி கொலம்பஸ் கியூபாத் தீவில் இருந்தார். அன்றைய தினசரிக் குறிப்பில், இந்த ஊர்ப் பயறுகள் நம் ஊர்ப் பயறுகளைவிட மிகவும் வேறுபட்டவை என்று எழுதியிருக்கிறார். வேறுபட்டவை என்று கண்ணால் கண்டவர், பெயர் மட்டும் ஸ்பெயின் தேசத்துப் பெயரையே போட்டார். தெரியாத தீவுக்குத் தெரிந்த பெயரைச் சூட்டியவருக்குப் பயறு எம்மாத்திரம்? அவருக்குப் பின் வந்த கப்பல்களில் விதைகள் ஐரோப்பாவுக்குப் போயின. கூடவே அந்த இரவல் பெயரும் போயிற்று. பழைய ஃபஸேயோலஸ் இத்தாலியில் ஃபஜோலோ ஆகி, புதிய விதையின்மேல் ஒட்டிக்கொண்டது.

ஏழாம் கிளெமெண்ட் என்ற போப்பாண்டவர் 1532 வாக்கில் ஒரு கைப்பிடி விதையைப் பியரியோ வலேரியானோ என்னும் பண்டிதரிடம் கொடுக்க, அவர் அதை வட இத்தாலியிலுள்ள பெல்லூனோவில் தொட்டிகளில் நட்டுப் பயிராக்கினார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் போப் பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி வம்சத்தவர். அடுத்த வருஷமே அதே வம்சத்துப் பெண் கேதரீன் பிரெஞ்சு ராஜகுமாரனுக்கு வாழ்க்கைப்பட்டாள், பதினான்கு வயசு. அவளுடைய சீர்வரிசையில் ஒரு மூட்டை பீன்ஸும் போயிற்று என்று பிரெஞ்சுக்காரர்கள் கதை கட்டியிருக்கிறார்கள். கதை அழகாக இருக்கிறது, அத்தாட்சிதான் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் ஆசை உண்டு. ஆனாலும், ராஜகுமாரி எடுத்துப் போனாள் என்பதைவிட, மாலுமிகளும் மடத்துத் தோட்டக்காரர்களும் மடியில் முடிந்துகொண்டு போனார்கள் என்பதுதான் நம்பத்தக்கது.

அந்த நூற்றாண்டிலேயே, 1580-களில், அன்னிபாலே கராச்சி ஒரு சித்திரம் தீட்டினார். ரோமாபுரியில் கொலோன்னா மாளிகையில் இப்போதும் இருக்கிறது. வைக்கோல் தொப்பி அணிந்த உழைப்பாளி ஒருவன். முன்னால் ஒரு கிண்ணம் பயறு, ரொட்டி, வெங்காயத் தாள், திராட்சை மது. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிற சமயத்தில் யாரோ கூப்பிட்டாற்போல் திரும்பிப் பார்க்கிறான். கரண்டியிலிருந்து சாறு சொட்டுகிறது. ராஜாக்களையும் தேவதூதர்களையுமே எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஏழையின் சாப்பாட்டை இவ்வளவு பெரிதாக எழுதியது சாமான்யமான விஷயமல்ல. 'ஃபஜோலி தின்கிறவன்' என்று சித்திரத்துக்குப் பெயர். சரி, கிண்ணத்தில் இருப்பது எது? உற்றுப் பார்த்தவர்கள் கறுப்புக் கண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காராமணி! பெயர் ஒன்று; ஆள் இரண்டு.

நாளடைவில் புதியவன் பழையவர்கள் இருவரையும் ஓரங்கட்டிவிட்டான். டஸ்கனியில் அவனுக்குத் தனி மரியாதை. 'பீன்ஸ் தின்னிகள்' என்று மற்ற இத்தாலியர்கள் அந்த ஜனங்களைப் பரிகாசம் செய்வது வழக்கம். காலியான மதுக் குடுவைக்குள் விதையும் தண்ணீரும் எண்ணெயும் பூண்டும் போட்டு, வாயைத் தளர மூடி, அடுப்புத் தணலில் சாய்த்து வைத்துவிடுவார்கள். உள்ளே மெல்லக் குமிழியிட்டுக்கொண்டே இருந்து, பூப்போல் வெந்துவிடும். 'ஏழைகளின் மாமிசம்' என்று பயற்றுக்கு அங்கே பெயர். மசித்துத் தின்றவர்களும் நாசூக்குக்காக மசிக்கவில்லை. பல் போன கிழவருக்கும் பல் முளைக்காத குழந்தைக்கும் ஒரே சட்டியிலிருந்து கொடுக்கவேண்டியிருந்தது.

இத்தாலிய நாவலாசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1999-ஆம் வருஷம் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில், பயறுதான் ஐரோப்பிய நாகரிகத்தைக் காப்பாற்றியது என்று ஒரு கட்டுரை எழுதினார். பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு பயறு வகைகள் பரவியதால்தான் ஏழைகளுக்குத் தெம்பு வந்து ஜனத்தொகை பெருகிற்று என்பது அவர் வாதம். படிக்கிறவருக்கு மனசில் வெள்ளை பீன்ஸ்தான் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துப் பயறு ஃபாவாவும் பட்டாணியும் மசூரும். கொலம்பஸ் புறப்பட இன்னும் ஐந்நூறு வருஷம் இருக்கிறது!

பெயர் செய்த காரியம் இத்துடன் முடியவில்லை. தாவரங்களுக்கெல்லாம் ஜாதகம் கணித்த ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1753-இல் வெளியிட்ட தம் பெரும் புத்தகத்தில் இந்தச் செடிக்கு ஃபஸேயோலஸ் வல்காரிஸ் என்று நாமகரணம் செய்தார். பிறந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா? இந்தியா! நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெருமை நம் தலையில் வந்து விழுந்தது. கிரேக்க, லத்தீன் புத்தகங்களிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. ஆகவே இது புராதன உலகத்துச் செடிதான் என்று பண்டிதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏட்டில் இருந்த வார்த்தையைப் பார்த்தார்களே தவிர, விதையைப் பார்க்கவில்லை.

கடைசியில் சாட்சி சொல்ல வந்தவை பிரேதங்கள். பெரு தேசத்தில் லிமா நகருக்கு வடக்கே, கடலோரத்தில் ஆன்கோன் என்று ஓர் ஊர். மழையே அபூர்வமான மணல்வெளி. அங்கே ஸ்பானியர் வருவதற்கு முந்தைய பழைய மயானம் ஒன்றை ரைஸ், ஸ்டூபெல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1870-களில் தோண்டினார்கள். துணியில் சுற்றி உட்காரவைத்த உடல்கள்; பக்கத்தில் பானைகள், நூற்கும் கருவிகள், மறு உலகத்துக்குக் கட்டுச்சோறு. அந்த உணவுப் பொருள்களை 1880 வாக்கில் பரிசோதித்த விட்மாக் என்னும் தாவர சாஸ்திரி அவற்றுக்கிடையே பீன்ஸ் விதைகளைக் கண்டார். சந்தேகத்துக்கு இடமில்லாத ஃபஸேயோலஸ் வல்காரிஸ். எகிப்திலும் கிரீஸிலும் இத்தாலியிலும் எத்தனையோ கல்லறைகள் தோண்டியாயிற்று. ஒன்றிலும் அந்த விதை கிடைக்கவில்லை. வழக்கு அதோடு தீர்ந்தது. 2014-இல் இந்தச் செடியின் மரபணு முழுவதையும் படித்தவர்கள், மெக்சிகோப் பக்கத்து ஜனங்கள் ஒரு தடவையும், ஆண்டிஸ் மலைவாசிகள் தனியாக இன்னொரு தடவையும், ஆக இருமுறை காட்டுக் கொடியைப் பயிராக்கினார்கள் என்று உறுதி செய்தார்கள். ஐரோப்பாவில் விளைகிற பீன்ஸில் பெரும்பகுதி ஆண்டிஸ் வழி வந்தது.

அந்த மலைவாசிகளின் கெச்சுவா பாஷையில் இதற்குப் புருட்டு என்று பெயர். சிலி, அர்ஜென்டினா தேசங்களில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள்கூட இன்றும் போரோட்டோ என்றே கடையில் கேட்டு வாங்குகிறார்கள். மற்றப் பல தேசங்களில் காராமணியின் பழைய பெயர்தான்.

நம் வீட்டிலும் இந்தச் செடி வேறு வேஷத்தில் இருக்கிறது. பருப்புசிலிக்கு நாம் நறுக்குகிற பீன்ஸ் இதே செடியின் இளங்காய்தான். முற்றவிட்டு உலர்த்தினால் விதை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து நம் சாம்பாருக்குள் சகஜமாக வந்துவிட்டது. ஆனால் பல வீடுகளில் திவசத்தன்று மட்டும் வாசற்படி தாண்டாது. அன்றைக்கு அவரைக்காயும் வாழைக்காயும் பாகற்காயுந்தான்; பீன்ஸ் 'இங்கிலீஷ் காய்' ஆயிற்றே! இத்தாலியிலும் அதே கதை. நவம்பர் 2-ஆம் தேதி இறந்தோர் தினத்துக்கு வாதுமைப் பருப்பை அரைத்துச் சின்னச் சின்னப் பணியாரம் சுடுகிறார்கள். அதற்கு 'இறந்தவர்களின் ஃபாவா' என்று பெயர். உள்ளே பயறே கிடையாது. இருந்தாலும் பழைய ஃபாவாவின் பெயரைத்தான் வைத்தார்கள். ஐந்நூறு வருஷமாக அடுப்பங்கரையை ஆளுகிற ஃபஜோலோவுக்கு அந்தப் பாத்தியம் கிடைக்கவில்லை.

ஆன்கோன் மணலில் மட்டும், அந்த ஊர் ஜனங்கள் தங்கள் பிதிர்களுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பியது இந்த பீன்ஸைத்தான்.